சரடோவ் ஏர்லைன்ஸ்: ஒரு நகரம் தன் விமானங்களை இழந்த வரலாறு

2025 ஜூலை 24 அன்று ரஷ்யாவின் தூரக் கிழக்கில், டிண்டா நகருக்கு அருகே அங்காரா என்ற பிராந்திய விமான நிறுவனத்தின் ஏஎன்-24 விமானம் விழுந்தது. அதிலிருந்த 48 பேரும் இறந்தார்கள். அந்த விமானம் 1976இல் கட்டப்பட்டது. ரஷ்யாவிலிருந்து இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் வாசகர் மனத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. இத்தனை பழைய விமானங்கள் ஏன் இன்னும் பறக்கின்றன? யாரும் கேள்விப்படாத இந்தச் சிறு நிறுவனங்கள் எங்கிருந்து வந்தன? விபத்து நடந்த சில மாதங்களில் நிறுவனமே காணாமல் போய்விடுகிறதே, அது எப்படி?

பொதுவாகப் பேசினால் இவற்றுக்குப் பதில் கிடைக்காது. ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு அதன் பிறப்பிலிருந்து முடிவு வரை பார்ப்பது மேல். வோல்கா நதிக்கரையின் சரடோவ் நகரைத் தளமாகக் கொண்டு இயங்கிய சரடோவ் ஏர்லைன்ஸ் அதற்கு மிகப் பொருத்தமானது. 2018 பிப்ரவரியில் அதன் விமானம் ஒன்று மாஸ்கோவுக்கு வெளியே பனி வயலில் விழுந்து 71 பேர் இறந்தார்கள். விமானிகள் ஒரு சுவிட்சைப் போட மறந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. செய்தி உண்மைதான். ஆனால் அந்த விமானம் அந்த நிறுவனத்தின் கைக்கு ஏன் வந்தது என்று கேட்டால், விடை 2018இல் கிடைக்காது. அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

ஒரே நிறுவனம், ஒரு நாடு முழுவதும்

சோவியத் ஒன்றியத்தில் பயணிகள் விமானம் என்றால் ஏரோஃப்ளோட் மட்டுமே. இன்று மாஸ்கோவிலிருந்து இயங்கும் அதே பெயருடைய நிறுவனத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அன்றைய ஏரோஃப்ளோட் ஓர் அரசுத் துறை. பெரிய ஜெட் விமானங்கள் முதல் வயலில் மருந்து தெளிக்கும் சிறு விமானங்கள் வரை எல்லாம் அதன் கீழே வந்தன.

இந்தப் பெரும் அமைப்பின் அடிப்படை அலகு 'ஒருங்கிணைந்த விமானப் படைப்பிரிவு'. பெயர் ராணுவத்தனமாக ஒலித்தாலும் வேலை முழுக்கக் குடிமக்களுக்கானது. ஒரு நகரத்தின் விமான நிலையம், அங்கே நிற்கும் விமானங்கள், விமானிகள், பழுது பார்க்கும் பட்டறை எல்லாம் சேர்ந்தது ஒரு பிரிவு. சரடோவிலும் அப்படி ஒன்று இருந்தது. அதன் வேர்கள் 1931 வரை செல்கின்றன.

1991இல் ஒன்றியம் கலைந்தபோது இந்தப் பிரிவுகள் அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டுத் தனி நிறுவனங்கள் ஆயின. சில ஆண்டுகளில் ரஷ்யாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட விமான நிறுவனங்கள் முளைத்தன. 'குட்டி ஏரோஃப்ளோட்டுகள்' என்று அவற்றை உலகம் அழைத்தது. யாரும் சந்தையை ஆராய்ந்து, முதல் திரட்டித் தொடங்கிய நிறுவனங்கள் அல்ல அவை. அந்தந்த ஊரில் எந்த விமானம் நின்றுகொண்டிருந்ததோ அதுவே அந்த ஊர் நிறுவனத்தின் சொத்தானது. சரடோவ் பிரிவு 'சராவியா' என்ற பெயரில் கூட்டுப்பங்கு நிறுவனமானது. பிரிவின் பழைய வழக்கப்படி விமான நிலையமும் அதன் கையிலேயே இருந்தது.

அந்த நேரத்தில்தான் பயணிகள் மறைந்தார்கள். சோவியத் காலத்தில் டிக்கெட் விலையை அரசு தாழ்வாக வைத்திருந்தது, எரிபொருளும் மலிவு. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் இரண்டும் தலைகீழாயின. 1990இல் ரஷ்யப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 9 கோடிப் பேர் விமானத்தில் பயணம் செய்தார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் அது 2.2 கோடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் மாஸ்கோவுக்குப் போகிறவர்கள், அல்லது மாஸ்கோவில் இறங்கி வேறு விமானம் ஏறுகிறவர்கள். பக்கத்து மாகாணத் தலைநகருக்குப் போகவும் மாஸ்கோ வழியாகச் சுற்ற வேண்டிய நிலை அப்போது உருவானது. அது இன்றும் முழுமையாக மாறவில்லை.

ஆலையும் குன்றும்

மற்றக் குட்டி நிறுவனங்களுக்கு இல்லாத ஒரு பலம் சராவியாவுக்கு இருந்தது. அது பறக்கவிட்ட விமானம் அதே ஊரில் செய்யப்பட்டது.

சரடோவ் விமான ஆலை 1930களில் அறுவடை இயந்திரம் செய்யும் தொழிற்சாலையாகத் தொடங்கி விமானத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் யாக்-1, யாக்-3 போர் விமானங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கித் தந்தது. 1943 ஜூனில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்து, பிறகு மீண்டெழுந்தது. போருக்குப் பின் அதன் பெயரை நிலைநிறுத்தியவை இரண்டு பயணிகள் விமானங்கள்.

முதலாவது யாக்-40. மூன்று எஞ்சின்கள் கொண்ட சிறிய ஜெட். புல்தரை ஓடுபாதையிலும் இறங்கக்கூடியது. வாலுக்கு அடியிலேயே படிக்கட்டு இருந்ததால், ஏணி வண்டிகூட இல்லாத ஊருக்கும் ஜெட் சேவை போய்ச் சேர்ந்தது. ஆயிரத்துக்குச் சற்று மேல் கட்டப்பட்ட யாக்-40கள் அனைத்தும் சரடோவில் பிறந்தவை.

இரண்டாவது யாக்-42. 120 பேர் அமரலாம். 1975இல் முதன்முதலில் பறந்து, 1980 இறுதியில் சேவைக்கு வந்தது. அதன் தொடக்கம் கசப்பானது. 1982இல் பெலாரஸின் மோசிர் அருகே ஒரு யாக்-42 விழுந்து 132 பேர் இறந்தார்கள். வால் பகுதியின் கிடைமட்டச் சிறகை அசைக்கும் திருகுத் தண்டு தேய்ந்து பிடி விட்டதே காரணம். விமான வகையே சேவையிலிருந்து நீக்கப்பட்டு, திருத்தப்பட்டு, 1984இல் திரும்பி வந்தது. அதன் பிறகு விமானிகள் நம்பும் விமானமாக அது நிலைபெற்றது. காற்றை அதிக அளவில் புறவழியாகச் செலுத்தி எரிபொருளை மிச்சப்படுத்தும் எஞ்சின்களைக் கொண்ட முதல் சோவியத் பயணிகள் விமானமும் அதுவே. உக்ரைனின் சாப்பரீஷியா நகரம் அந்த எஞ்சின்களின் பிறப்பிடம். இந்தச் செய்தி பின்னால் முக்கியமாகும்.

யாக்-42 சரடோவுக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்றால், விமான நிலையத்தைப் பார்க்க வேண்டும். நகரத்துக்கு நடுவே எழும் சக்கலோவயா குன்றின் மேல் அது இருந்தது. ஊருக்கு மிக அருகில் என்பது வசதி. ஆனால் ஓடுபாதையின் நீளம் 2,200 மீட்டர் அளவு மட்டுமே. குன்றின் சரிவும் வீடுகளும் சூழ்ந்திருந்ததால் நீட்ட இடமில்லை. முழுச் சுமையோடு போயிங் 737 அல்லது ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள் தாராளமாக வந்துபோக அது போதாது. யாக்-42க்குப் போதும்.

இதன் விளைவு வினோதமான பாதுகாப்பு. மாஸ்கோவின் பெரிய நிறுவனங்கள் தங்கள் பெரிய விமானங்களோடு உள்ளே வர முடியவில்லை. நிலையமும் விமானங்களும் ஒரே நிறுவனத்திடம். ஆலையோ நகரத்துக்குள்ளேயே. 1990களின் பேரழிவில் எத்தனையோ நிறுவனங்கள் மடிந்தபோது சராவியா தப்பியதில் இந்தக் குட்டை ஓடுபாதைக்குப் பெரும்பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். எது காத்ததோ அதுவே கட்டிப்போடவும் செய்தது: அந்த ஓடுபாதைக்கு ஏற்ற விமானங்களைத் தவிர வேறு எதையும் நிறுவனத்தால் வாங்க முடியாது.

எண்ணி வைக்கப்பட்ட ஆயுள்

பழைய விமானங்கள் ஏன் இன்னும் பறக்கின்றன என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்லலாம்.

சோவியத் முறையில் ஒவ்வொரு விமானத்துக்கும் 'ரெசூர்ஸ்' என்று ஒன்று விதிக்கப்படும். ஒதுக்கப்பட்ட ஆயுள் என்று சொல்லலாம். அது மூன்று கணக்குகளில் ஓடும்:

1. எத்தனை மணி நேரம் பறக்கலாம்.
2. எத்தனை முறை இறங்கலாம். உடல் கூட்டுக்கு அழுத்தம் ஏறி இறங்குவதால் உலோகம் சோர்வடைவதும், சக்கரங்கள் அடி வாங்குவதும் இந்தக் கணக்கில் வரும்.
3. கட்டப்பட்ட நாளிலிருந்து எத்தனை ஆண்டுகள். பறக்காமல் நின்றாலும் துரு நிற்பதில்லை.

இவற்றில் எது முதலில் தீர்ந்தாலும் விமானம் நிற்க வேண்டும். ஆனால் வடிவமைத்த நிறுவனமும் அரசு ஆய்வு நிலையமும் அந்தக் குறிப்பிட்ட விமானத்தைச் சோதித்து ஆயுளை நீட்டலாம். நீட்டிப்பு முடிந்ததும் இன்னொரு நீட்டிப்பு. முறையாகச் செய்தால் இது பாதுகாப்பானதே. முதுமை மட்டும் ஒரு விமானத்தை வீழ்த்துவதில்லை. ஆனால் இதற்கு உயிரோடிருக்கும் வடிவமைப்பாளர், உதிரிபாகம் தரும் ஆலை, அனுபவமுள்ள பொறியாளர் மூன்றும் வேண்டும்.

சரடோவ் ஆலையில் 1990களில் வேலை வற்றிவிட்டது. முன்பு ஆண்டுக்குப் பல பத்து விமானங்கள் வெளிவந்த கூடத்தில் ஆண்டுக்கு ஓரிரண்டு யாக்-42கள் முடிக்கப்பட்டன. பிறகு அதுவும் நின்றது. மொத்தத்தில் சுமார் 180 யாக்-42கள் மட்டுமே கட்டப்பட்டன. 2010களின் தொடக்கத்தில் ஆலை திவாலாகி மூடப்பட்டது. போரில் குண்டு விழுந்தும் எழுந்த ஆலை, ஆர்டர் இல்லாததால் மடிந்தது. விமான நிறுவனத்தின் முதல் தூண் அங்கே சரிந்தது.

யாக்-42 மீதான பொதுமக்களின் நம்பிக்கையும் அதே காலத்தில் அடிபட்டது. 2011 செப்டம்பர் 7 அன்று யாரோஸ்லாவில் யாக்-சர்வீஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் யாக்-42, லோகோமோட்டிவ் ஐஸ் ஹாக்கி அணியை ஏற்றிச் செல்லும்போது விழுந்தது. 45 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். விமானத்தில் கோளாறு இல்லை. புறப்படும் ஓட்டத்தில் விமானி அறையில் ஒருவரின் கால் பிரேக் மிதியில் இருந்தது என்பதே விசாரணையின் முடிவு. ஆயினும் அன்றைய அதிபர் மெத்வதேவ், நாட்டில் விமான நிறுவனங்களின் எண்ணிக்கையையே வெகுவாகக் குறைக்க வேண்டும் என்று அறிவித்தார். 'சிறு நிறுவனம் என்றால் ஆபத்து' என்ற பார்வை அரசுக் கொள்கையாக மாறத் தொடங்கிய நேரம் அது.

புதிய பெயர், புதிய விமானம், வீழ்ந்த ரூபிள்

2013இல் சராவியா 'சரடோவ் ஏர்லைன்ஸ்' ஆனது. அந்த ஆண்டின் இறுதியில் பிரேசிலின் எம்ப்ரேயர்-195 விமானங்கள் இரண்டு குத்தகைக்கு வந்தன. ரஷ்யாவில் அந்த வகையை முதலில் பறக்கவிட்டது இந்த நிறுவனம்தான். தேர்வில் அறிவு இருந்தது. இருக்கை எண்ணிக்கை யாக்-42க்கு ஏறக்குறைய சமம். குட்டை ஓடுபாதைக்கும் ஒத்துவரும். எரிபொருள் செலவு குறைவு.

காலம் கைகொடுக்கவில்லை. விமானக் குத்தகை டாலரில் கட்ட வேண்டியது. டிக்கெட் விற்பது ரூபிளில். 2014 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 33 ரூபிள். கிரிமியா இணைப்பு, மேற்கத்தியத் தடைகள், எண்ணெய் விலை வீழ்ச்சி எல்லாம் சேர்ந்து அடுத்த ஆண்டு அது 60ஐத் தாண்டியது. அதாவது விமானம் மாறவில்லை, வாடகை மட்டும் இரண்டு மடங்கானது. சரடோவ் வாழ் மக்களின் சம்பளம் இரண்டு மடங்காகவில்லை, ஆகவே டிக்கெட் விலையை அப்படி ஏற்ற முடியாது. நாட்டின் இரண்டாவது பெரிய நிறுவனமான ட்ரான்ஸ்ஏரோவே 2015 அக்டோபரில் கடனில் மூழ்கியது. அதே ஆண்டு இறுதியில் எகிப்துக்கும் துருக்கிக்குமான சுற்றுலா விமானங்களை ரஷ்ய அரசு நிறுத்தியதால், கோடைக்கால வருவாயை நம்பியிருந்த நிறுவனங்கள் எல்லாம் தடுமாறின.

2015 இறுதியில் சரடோவ் ஏர்லைன்ஸுக்குத் தனியாக ஓர் அடியும் விழுந்தது. திடீர்ச் சோதனைக்கு வந்த ஆய்வாளர்கள், விமானி அறைக்குள் பணிக்குழுவைச் சேராத ஒருவர் இருப்பதைக் கண்டார்கள். வெளிநாட்டுச் சேவைகளுக்குத் தடை வந்தது. நிறுவனம் தன் நடைமுறைகளைத் திருத்திக்கொண்டு, 2016இல் வெளிநாட்டுப் பயணங்களை மீண்டும் தொடங்கியது. விமானி அறைக் கதவு என்பது ஒழுங்கின் எல்லைக்கோடு. அந்தக் கோடு தளர்ந்திருந்தது என்பதற்கு அது முதல் பகிரங்கச் சான்று.

ஏஎன்-148 ஏன் வந்தது?

இப்போது நிறுவனத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். யாக்-42கள் கிழடாகின்றன, அவற்றைக் கட்டிய ஆலை இல்லை. எம்ப்ரேயருக்கு டாலர் கட்ட வேண்டும். ஓடுபாதை குட்டை. இந்த மூன்றுக்கும் இடையே பொருந்தும் விமானம் ஒன்று ரஷ்யாவிலேயே சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஏஎன்-148, கீவ் நகரின் அன்டோனவ் நிறுவனம் வடிவமைத்து 2004இல் முதன்முதலில் பறந்த விமானம். சிறகுகள் உடலின் மேற்பக்கத்தில் இருப்பதால் எஞ்சின்கள் தரையிலிருந்து உயரத்தில் தொங்கும். மோசமான ஓடுபாதைகளின் கல்லும் தூசும் எளிதில் உள்ளே போகா. கீவிலும் ரஷ்யாவின் வொரோனெஷ் ஆலையிலும் அது கட்டப்பட்டது. எஞ்சின் மறுபடியும் சாப்பரீஷியாவிலிருந்து. இரு நாடுகளும் நண்பர்களாக இருக்கும்வரை அது நல்ல ஏற்பாடு. 2014க்குப் பிறகு உதிரிபாகம் வருவது சிக்கலானது. ஏரோஃப்ளோட் குழுமத்தைச் சேர்ந்த ரோசியா நிறுவனம் 2015இல் தன் ஏஎன்-148களைக் கைவிட்டது. 2010இல் வொரோனெஷில் கட்டப்பட்ட விமானம் ஒன்று இப்படி இரண்டு ஆண்டுகள் நின்றிருந்து, 2017இல் சரடோவ் ஏர்லைன்ஸிடம் குத்தகைக்கு வந்தது.

வயது ஏழுதான். ஆகவே 2018 விபத்தைக் 'கிழட்டு விமானம் விழுந்தது' என்ற வரிசையில் சேர்ப்பது தவறு. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒரு நிறுவனம் ஓராண்டுக்குள் புதிய வகை ஒன்றை ஏற்றுக்கொள்ளும்போது விமானி, பொறியாளர், பயிற்றுநர், பாதுகாப்புக் கண்காணிப்பாளர் எல்லோரும் புதிதாகக் கற்க வேண்டும். யாக்-42, எம்ப்ரேயர், ஏஎன்-148 என மூன்று வேறு உலகங்களை ஒரு சிறு நிறுவனம் ஒரே நேரத்தில் சுமந்தது.

2018 பிப்ரவரி 11

பனி பெய்துகொண்டிருந்த ஞாயிறு பிற்பகல். மாஸ்கோ டமாடேடவா நிலையத்திலிருந்து 703ஆம் எண் விமானம் ஓர்ஸ்க் நகருக்குப் புறப்பட்டது. ஓர்ஸ்க், கஜகஸ்தான் எல்லையை ஒட்டிய தொழில் நகரம். பயணிகள் 65 பேர், பணியாளர்கள் 6 பேர். ஆறு நிமிடங்கள் கழித்து ஸ்டெபானோவ்ஸ்கயே கிராமத்துக்கு அருகே வயலில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை.

இங்கே ஒரு கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும்: பிட்டோ குழாய். விமானத்தின் மூக்குப் பக்கம் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய் அது. எதிரே வரும் காற்று அதற்குள் புகுந்து அழுத்தும். அந்த அழுத்தத்திலிருந்து, உடலின் பக்கத்துத் துளைகளில் கிடைக்கும் சாதாரணக் காற்றழுத்தத்தைக் கழித்தால் வேகம் தெரியும். காற்றோடு ஒப்பிட்ட வேகத்தை அளக்க விமானத்துக்கு வேறு நேரடி வழி இல்லை.

குளிர் மேகத்தில் இந்தக் குழாயின் வாயில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உள்ளே மின்சூடேற்றி இருக்கிறது. புறப்படும் முன் விமானிகள் அதைப் போட வேண்டும். வாய் அடைபட்டு, தண்ணீர் வடிய வைத்திருக்கும் சிறு துளை மட்டும் திறந்திருந்தால் குழாய்க்குள் அழுத்தம் வெளியே கசிந்து, வெளிக்காற்றுக்குச் சமமாகிவிடும். கழித்தால் மிஞ்சுவது சுழி. விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரில் பாய்ந்துகொண்டிருக்கும். முள் சுழியைக் காட்டும்.

703இல் இதுவே நடந்தது. கறுப்புப் பெட்டியைப் படித்த பன்னாட்டு விமானக் குழு இரண்டு நாள்களில் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதன் வரிசை இப்படி:

1. மூன்று பிட்டோ குழாய்களின் சூடேற்றிகளும் போடப்படவில்லை. பதிவிலிருந்த முந்தைய 15 பயணங்களிலும் புறப்படும் முன் அவை போடப்பட்டிருந்தன.
2. புறப்பட்டு இரண்டரை நிமிடத்தில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், தலைமை விமானியின் வேகமானியும் மாற்று வேகமானியும் வேறுவேறு எண்களைக் காட்டத் தொடங்கின.
3. வேறுபாடு கூடியது. இரண்டும் வேகம் குறைவதாகக் காட்டியபோது விமானிகள் ஆட்டோபைலட்டை நீக்கினார்கள்.
4. தலைமை விமானியின் வேகமானி சுழிக்கு வந்தது.
5. விமானத்தின் மூக்கு கிடைமட்டத்துக்குக் கீழே 30 முதல் 35 பாகை வரை தாழ்ந்தது. மோதும்வரை அது மீளவில்லை.

மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில்தான் மனிதத் துயரம் இருக்கிறது. வேகம் குறைந்தால் சிறகு தூக்குவிசையை இழக்கும். அப்போது மூக்கைத் தாழ்த்தி வேகத்தைத் திரட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு விமானியின் எலும்பிலும் ஊறிய பாடம். பொய்யான எண் அந்தப் பாடத்தைத் தவறான இடத்தில் எழுப்பிவிட்டது. வேகமானியை நம்ப முடியாதபோது செய்ய வேண்டியது வேறு: எஞ்சின் விசையையும் மூக்கின் கோணத்தையும் ஏற்கெனவே தெரிந்த நிலையான அளவில் வைத்துக்கொண்டு, மற்றக் கருவிகளைப் பார்ப்பது. புத்தகத்தில் படித்தால் போதாது. விமானி அறையைத் தரையிலேயே போலியாக உருவாக்கும் பாவனைக் கருவியில் (சிமுலேட்டரில்) உட்கார்ந்து, முள் பொய் சொல்வதை அனுபவித்துப் பழகியவருக்கே அந்த நிமிடத்தில் கை நிதானப்படும்.

மறதிக்குப் பின்னால் இருந்தவை

2019இல் வந்த இறுதி அறிக்கை விமானிகளோடு நிற்கவில்லை. அதனால்தான் அது முக்கியமான ஆவணம். அதன் முடிவுகளை மூன்றாகச் சுருக்கலாம்.

முதலாவது, விமானி அறையில். சரிபார்ப்புப் பட்டியல் என்பது நினைவை நம்பாமல், ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துப் பதில் சொல்லும் முறை. இங்கே அது முறையாக நடக்கவில்லை. சூடேற்றி விடுபட்டதைப் பிடிக்க வேண்டிய வலை அறுந்திருந்தது.

இரண்டாவது, நிறுவனத்தில். ஆபத்துகளை முன்கூட்டியே கண்டறிந்து சரிசெய்யும் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு காகிதத்தில் இருந்ததே ஒழிய, செயல்படவில்லை.

மூன்றாவது, அரசிடம். பயிற்சியின் தரத்தை மேலிருந்து கீழ்வரை யாரும் உருப்படியாகக் கண்காணிக்கவில்லை. தகுதி போதாத நிலையிலும் அனுமதிகள் கையெழுத்தாயின. இந்த மூன்றாவது வரிதான் செய்திகளில் மிகக் குறைவாக எழுதப்பட்டது. என் பார்வையில் மிகக் கனமானது அதுவே. விமானியை மாற்றலாம், நிறுவனத்தை மூடலாம். அனுமதி தரும் மேசை அப்படியே இருக்கிறது.

சான்றிதழ் போனால் என்ன ஆகும்?

விமான நிறுவனத்தின் உயிர் அதன் விமானங்களில் இல்லை. இயக்கச் சான்றிதழில் இருக்கிறது. ரஷ்யாவில் அதைத் தருவது ரோஸ்அவியாட்சியா என்ற அரசு முகமை. எந்த வகை விமானத்தை, எங்கே, எத்தனை காலம் பறக்கவிடலாம் என்பதை அந்தத் தாள் சொல்லும். விபத்துக்கு மறுநாளே சரடோவ் ஏர்லைன்ஸின் ஏஎன்-148கள் நிறுத்தப்பட்டன. தொடர்ந்த சோதனைகளுக்குப் பின், 2018 மே இறுதியோடு நிறுவனத்தின் சான்றிதழே முடிவுக்கு வந்தது. 'இவோல்கா' என்று பெயர் மாற்றி மறுபடி பறக்க முயன்றார்கள். இவோல்கா என்றால் மாங்குயில். அந்தப் பெயரில் ஒரு விமானமும் புறப்படவில்லை.

ரஷ்யப் பிராந்திய நிறுவனங்கள் பொதுவாக மூன்று வழிகளில் மறைந்திருக்கின்றன:

1. கடனில் மூழ்குதல். 2008இல் கிராஸ்ஏர் முதலியவற்றின் கூட்டணியான ஏர்யூனியன், எரிபொருள் கடனைக் கட்ட முடியாமல் சிதறியது. பயணிகள் நாள்கணக்கில் நிலையங்களில் கிடந்தார்கள்.
2. விழுங்கப்படுதல். விளாடிவஸ்டோக் ஏர், 2013இல் சக்கலின் தீவின் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு ஏரோஃப்ளோட்டின் கீழ் 'அவ்ரோரா' ஆனது.
3. விபத்துக்குப் பின் சான்றிதழ் பறிபோதல். யாக்-சர்வீஸ் 2011இல். டாடர்ஸ்தான் ஏர்லைன்ஸ் 2013இல்: அவ்வாண்டு நவம்பர் 17 அன்று கசானில் அதன் போயிங் 737 விழுந்து 50 பேர் இறந்தார்கள், ஆண்டு முடியும் முன் நிறுவனம் இல்லை. பிறகு சரடோவ்.

மூன்றாவது வழி மக்களுக்கு நீதி கிடைத்ததுபோல் தெரியும். மூடியதே தவறு என்று நான் சொல்லவில்லை. பயிற்சி இல்லாத கைகளில் பயணிகளை ஒப்படைக்க முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் விமானிகளும் பொறியாளர்களும் வேறு நிறுவனங்களுக்குப் போகிறார்கள். அதே மேற்பார்வை முறை அவர்களைப் பின்தொடர்கிறது. பயிற்சியின் குறை இடம் மாறுகிறது, தீர்வதில்லை. இன்னொரு பக்கம், ஓர்ஸ்க் போன்ற ஊர்களுக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் மறைவும் ஒரு வழி அடைபடுவதாகும். 2013 இறுதியில் ரஷ்ய அரசு, மாஸ்கோவைத் தொடாத பிராந்திய வழித்தடங்களுக்கு மானியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பணம் இருந்தாலும் அந்தத் தடங்களுக்கு ஏற்ற சிறு விமானமும் அதை ஓட்டும் நிறுவனமும் வேண்டுமே.

குன்றின் மேல் கடைசி நாள்

சரடோவுக்குப் புதிய விமான நிலையம் கட்டும் வேலை, விபத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. நகரத்துக்கு வெளியே சபூரோவ்கா அருகே, 3,000 மீட்டர் ஓடுபாதையோடு அது எழுந்தது. 2019 ஆகஸ்ட் 20 அன்று அது திறக்கப்பட்டு, குன்றின் மேலிருந்த பழைய நிலையம் மூடப்பட்டது. புதியதற்கு யூரி ககாரின் பெயர். ககாரின் சரடோவில்தான் தொழிற்கல்வி படித்தார். 1955இல் சரடோவ் விமானக் கழகத்தில்தான் முதன்முதலில் தனியே விமானம் ஓட்டினார். 1961 ஏப்ரல் 12 அன்று விண்வெளியிலிருந்து திரும்பி இறங்கியதும் வோல்காவின் அக்கரையில், அதே மாகாணத்து வயலில்.

போயிங்குகளும் ஏர்பஸ்களும் இப்போது தடையின்றி இறங்கலாம். சரடோவில் கட்டிய விமானத்தைச் சரடோவ் மக்கள் சரடோவின் ஓடுபாதையிலிருந்து பறக்கவிட்ட காலத்தின் மூன்று பகுதிகளில், ஆலை முதலில் போனது, நிறுவனம் அடுத்துப் போனது, ஓடுபாதை கடைசியாகப் போனது. நிறுவனத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே பதினைந்து மாதங்கள்கூட இல்லை. அந்த மூவாயிரம் மீட்டர் புதிய பாதையிலிருந்து சரடோவ் ஏர்லைன்ஸ் ஒரு பயணியைக்கூட ஏற்றிச் சென்றதில்லை.